படம் எங்கே எண்ணாகிறது?

ஒரு மணி நேர வீடியோ கேசட்டைக் கணினிக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். வீட்டுக் கருவிகளில் அதற்குக் குறுக்குவழி கிடையாது. ஒரு முழுத் திரைப்படத்தைப் பென் டிரைவிலிருந்து சில நிமிடங்களில் நகலெடுத்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். இருபது கேசட்டுக்கு ஸ்டூடியோக்காரர் ஒரு வாரம் கேட்டால் இழுத்தடிக்கிறார் என்று தோன்றும். அவர் இழுத்தடிக்கவில்லை. கேசட்டுக்குள் கோப்பு எதுவும் இல்லை. இங்கிருந்து இதுவரை கல்யாணம், அதற்குப் பிறகு காதுகுத்து என்று சொல்லும் பட்டியலும் இல்லை. நாடா ஓடும்போதுதான் படம் உண்டாகிறது; நின்றுவிட்டால் அது காந்தப் பூச்சு தடவிய வெறும் பிளாஸ்டிக். ஆகவே ஒருமுறை முழுதாக ஓட்ட வேண்டும், ஓடும்போது வருவதைக் கணினி பிடித்துக்கொள்ள வேண்டும்.

எந்த இடத்தில் பிடிப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நாடாவில் பதிந்த காந்தத் தடத்துக்கும் கணினியின் வட்டில் எழுதப்படும் எண்களுக்கும் இடையில் ஏதோ ஓரிடத்தில் படம் எண்ணாக மாறியாக வேண்டும். சில கேசட்டுகளில் அந்த மாற்றம் கேமராவுக்குள்ளேயே, படம் எடுத்த அன்றே நடந்து முடிந்துவிட்டது. சிலவற்றில் இனிமேல்தான் நடக்கப்போகிறது. அலமாரியில் இருப்பது எந்த வகை என்று பார்க்காமல் கேபிள் வாங்கக் கிளம்புகிறவர்கள் காசையும் இழக்கிறார்கள், படத்தையும் பாதி இழக்கிறார்கள்.

ஒலியை நாடாவில் பதிவது எளிது. காது கேட்கக்கூடிய அதிர்வுகள் வினாடிக்கு 20,000 வரைதான். படத்துக்கோ வினாடிக்கு முப்பது லட்சம், ஐம்பது லட்சம் என்று வேண்டும். அவ்வளவு நெருக்கமான அலைகளை எழுத, நாடா ஹெட்டை அசுர வேகத்தில் உரசிக்கொண்டு போக வேண்டும். 1950களில் பிபிசி பொறியாளர்கள் அதைத்தான் செய்து பார்த்தார்கள். வேரா என்று பெயரிட்ட அவர்களது கருவியில் நாடா வினாடிக்கு 5.08 மீட்டர் ஓடியது. அரை மீட்டருக்கு மேல் விட்டமுள்ள சுருளில் கால் மணி நேர நிகழ்ச்சிதான் அடங்கியது. 1958இல் நேரலையில் அதைப் பெருமையோடு காட்டினார்கள். ஆனால் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956இலேயே வேறு வழி கண்டுவிட்டது: நாடா மெதுவாகப் போகட்டும், ஹெட் சுழலட்டும்.

அந்த எண்ணத்தின் வீட்டு வடிவம்தான் 1976இல் ஜப்பானின் ஜேவிசி கொண்டுவந்த விஎச்எஸ். நம் ஊரில் டெக் என்று அழைக்கப்பட்ட அந்தப் பெட்டிக்குள் 62 மில்லிமீட்டர் விட்டத்தில் பளபளக்கும் ஓர் உலோக உருளை இருக்கும். அதில் எதிரெதிரே இரண்டு ஹெட்கள். உருளை வினாடிக்கு 25 சுற்றுச் சுற்றும். நாடா அதன் பாதியைச் சுற்றிச் சற்றே சாய்வாகத் தழுவிக்கொண்டு, வினாடிக்கு 23.39 மில்லிமீட்டர் என்று நத்தை வேகத்தில் நகரும். ஆனால் சுழலும் ஹெட் நாடாவை உரசும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 4.8 மீட்டர்; வேராவின் வேகத்தை அது கிட்டத்தட்ட எட்டிவிடுகிறது. வாழைக்காயை நேராக நறுக்கினால் வில்லை சிறிது, சாய்வாக நறுக்கினால் நீளம். அதே கணக்குதான் இங்கும். நாடாவின் அகலம் 12.7 மில்லிமீட்டர்தான், ஆனால் அதன்மேல் சாய்வாக விழும் ஒவ்வொரு தடமும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளம். மூன்று மணி நேரக் கேசட்டுக்குள் இருப்பது சுமார் 250 மீட்டர் நாடா. வேரா அதை ஒரு நிமிடத்துக்குள் விழுங்கியிருக்கும்.

ஒரு சாய்வுத் தடம் என்பது அரைப் படம். இந்தியாவும் இலங்கையும் பின்பற்றிய பி.ஏ.எல். முறையில் வினாடிக்கு 25 முழுப் படங்கள். ஒவ்வொன்றும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதியாகப் பிரிக்கப்பட்டு, அடுத்தடுத்த நேரத்தில் எடுக்கப்பட்டவை. ஆக, வினாடிக்கு 50 அரைப் படங்கள், 50 தடங்கள். இந்தப் பின்னல் விவகாரத்தை இப்போது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் எடிட் செய்ய உட்காரும்போது முதலில் தொல்லை கொடுக்கப்போவது இதுதான்.

தடத்தில் பதிந்திருப்பது ஒளியின் அளவும் அன்று. வெளிச்சம் கூடினால் அதிர்வெண் கூடும், குறைந்தால் குறையும் என்று, பண்பலை வானொலியின் அதே உத்தியில் படம் எழுதப்பட்டிருக்கிறது. பி.ஏ.எல். விஎச்எஸ்ஸில் அந்த எல்லை 3.8 முதல் 4.8 மெகாஹெர்ட்ஸ் வரை. நிறத்துக்கு அந்த வரிசையில் இடமில்லாததால், அதைக் கீழே இறக்கி 627 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒண்டிக்கொள்ள வைத்தார்கள். விளைவு என்ன? கறுப்பு-வெள்ளை விவரம் குறுக்குவாட்டில் ஏறத்தாழ 240 கோடுகள், நிற விவரமோ 40 கோடுகளை ஒட்டி. அரக்குப் பட்டுப்புடவையின் சிவப்பு பக்கத்தில் நிற்பவரின் வெள்ளைச் சட்டைமேல் வழிவது கேமராக்காரரின் குற்றமன்று. நிறத்துக்கு அங்கே அவ்வளவுதான் இடம்.

இதனால்தான் பழைய கேசட்டை 4கே தரத்துக்கு உயர்த்தித் தருகிறோம் என்ற விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் கொஞ்சம் பயமும் வருகிறது. நாடாவில் இல்லாத விவரத்தை எந்த மென்பொருளும் நாடாவிலிருந்து எடுக்க முடியாது. தான் கற்ற ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து ஒரு கண்ணையும் ஒரு மூக்கையும் வரைந்து ஒட்டும். கூட்டத்தின் கடைசி வரிசையில் மங்கலாகத் தெரிந்த பாட்டிக்குத் தெளிவான முகம் கிடைக்கும். அது பாட்டியின் முகமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

விஎச்எஸ், அதே நாடாவைச் சிறிய கூட்டில் அடைத்த விஎச்எஸ்-சி, சோனியின் ஹேண்டிகேம் புழக்கத்துக்குக் கொண்டுவந்த வீடியோ8, அதன் மேம்பட்ட வடிவமான ஹை8 ஆகிய இவை எல்லாவற்றிலும் படம் இன்னும் எண்ணாகவில்லை. டெக்கிலிருந்தோ கேமராவிலிருந்தோ மின்னலையாக வெளியே வந்து, கேப்சர் கருவி எனப்படும் ஒரு சின்னப் பெட்டியில்தான் எண்ணாகப்போகிறது. அந்தப் பெட்டிக்கு வந்து சேரும் அலை கெட்டிருந்தால் கெட்டதுதான் எண்ணாகும். கணினி எவ்வளவு விலை உயர்ந்தது என்பது இங்கே பொருட்டே இல்லை. டெக்கின் ஹெட் சுத்தமாக இருக்கிறதா, ட்ராக்கிங் சரியாக இருக்கிறதா, மஞ்சள் நிற ஒற்றைக் கேபிளுக்குப் பதில் நிறத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனியே கொண்டுவரும் எஸ்-வீடியோ இணைப்பு டெக்கில் உண்டா என்பவைதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஓட்டுவதற்கு முன்னால் விஎச்எஸ் கேசட்டின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள். வீடியோ8, ஹை8, பின்னால் பார்க்கப்போகும் மினிடிவி என்றால் சிறு தள்ளுவிசையைப் பதியமுடியாத பக்கத்துக்குத் தள்ளுங்கள். தவறி ரெக்கார்டு பொத்தானில் கை பட்டால், அழிந்தது அழிந்ததுதான்.

டெக்கும் கேபிளும் நன்றாக இருந்தும் படம் கெடுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பலர் குழம்புவது இங்கேதான். மோட்டார், ரப்பர் உருளை, நீண்டு சுருங்கும் நாடா என்று இத்தனை இயந்திரப் பகுதிகள் சேர்ந்து ஓட்டும்போது, படத்தின் ஒவ்வொரு வரியும் துல்லியமாக அதே கால அளவில் வருவதில்லை. ஒரு வரி இம்மியளவு முந்தும், அடுத்தது பிந்தும். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. வரும் வரியின் தாளத்துக்கு ஏற்பத் தன் கதிரையும் சற்று முன்பின் இழுத்துக்கொள்ளும். எண்ணாக்கும் சில்லுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. அதன் கடிகாரம் கறார். அது எதிர்பார்த்த நேரத்தில் வரி வராவிட்டால் தூணும் கதவுநிலையும் நெளியும். நாடா கசங்கிய இடத்தில் ஒரு முழுப் படமே காணாமல் போகும். ஒரு மணி நேரத்தில் அப்படி 25 படங்கள் விழுந்தால், முடிவில் உதட்டசைவுக்கும் பேச்சுக்கும் ஒரு வினாடி இடைவெளி. எடிட்டிங் மென்பொருளில் ஒலி நழுவுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களில் பாதிப் பேரின் பிரச்சினை மென்பொருளில் இல்லை. அதற்கு இரண்டு பெட்டி முன்னால் இருக்கிறது.

இதற்கு மருந்து டைம் பேஸ் கரெக்டர். வரும் வரிகளைச் சற்று நேரம் நினைவகத்தில் நிறுத்தி வைத்து, சீரான தாளத்தில் வெளியே விடும் மின்சுற்று. தனிப் பெட்டியாக வாங்கினால் விலை கடுமை. உயர்ரக எஸ்-விஎச்எஸ் டெக்குகள் சிலவற்றில் உள்ளேயே இருக்கும். வீடியோ8, ஹை8 கேசட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. சோனி 1999இல் கொண்டுவந்த டிஜிட்டல்8 கேமராக்களில் பல மாடல்கள் பழைய வீடியோ8, ஹை8 கேசட்டையும் ஓட்டும். வரிகளைச் சீராக்கி, கேமராவுக்குள்ளேயே எண்ணாக்கி ஃபயர்வயர் என்ற கேபிள் வழியே அனுப்பும். எல்லா மாடலும் இதைச் செய்யாது, வாங்குமுன் கேசட்டைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் செய்யும் ஒன்று கைக்குக் கிடைத்தால் வேறு கேப்சர் பெட்டி தேடி அலைய வேண்டாம்.

இனி மினிடிவி. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கேசட், 6.35 மில்லிமீட்டர் அகல நாடா. இந்த முறை 1995இல் வந்தது. அந்த ஆண்டு வெளியான சோனி விஎக்ஸ்1000 கேமராவைப் பார்த்துச் சுயாதீனத் திரைப்படக்காரர்களும் செய்தியாளர்களும் குதூகலித்ததற்குக் காரணம் இருந்தது: லென்ஸுக்குப் பின்னாலேயே படம் எண்ணாகிவிட்டது. ஒவ்வொரு படமும் 720க்கு 576 புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டு, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டு, வினாடிக்கு 2.5 கோடி பிட் வீதம் நாடாவில் எழுதப்பட்டது. உருளை நிமிடத்துக்கு 9,000 சுற்று. ஒரு முழுப் படத்துக்கு 12 சாய்வுத் தடங்கள். ஒரு தடத்தின் அகலம் 10 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது.

ஆக, மினிடிவி கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது படத்தைப் புதிதாக எண்ணாக்க வேண்டியதில்லை. நாடாவில் உள்ள எண்களை அப்படியே வாங்கிக்கொண்டால் போதும். அதற்காகவே இருந்தது ஃபயர்வயர். ஆப்பிள் முன்னெடுத்து 1995இல் தரப்படுத்தப்பட்ட இந்தக் கேபிளை சோனி ஐ-லிங்க் என்று அழைத்தது. வினாடிக்கு 40 கோடி பிட் செல்லும் பாதை. அதில் வீடியோவுக்கென்று நேரம் ஒதுக்கி வைத்திருக்கும். கேமராவை நிறுத்து, ஓட்டு, பின்னால் சுற்று என்று கணினியிலிருந்தே கட்டளை இடலாம். ஆனால் கேமரா கறார்ப் பேர்வழி. ஓடுகிற வேகத்தில் தருவேன், தவறவிட்டால் நான் நிற்கமாட்டேன் என்பது அதன் கொள்கை. அதனால் கேப்சர் நடக்கும்போது கணினிக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

இங்கே ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். கன்வெர்ஷன் செய்து தருகிறோம் என்ற பலகையோடு இருக்கும் கடைகள் பலவற்றில் மினிடிவி கேசட்டையும் மஞ்சள் கேபிளில்தான் ஓட்டுகிறார்கள். ஏற்கெனவே எண்ணாக இருப்பதை அலையாக்கி, அந்த அலையை மறுபடி எண்ணாக்கி, இன்னொரு முறை சுருக்கி, டிவிடியிலோ பென் டிரைவிலோ போட்டுத் தருகிறார்கள். வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரிவதில்லை, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நகல் கையில் இல்லையே. கேமராவில் யுஎஸ்பி துளை இருக்கிறதே, அதில் செருகினால் ஆகாதா என்று கேட்பவர்களும் உண்டு. பெரும்பாலான மினிடிவி கேமராக்களில் அந்தத் துளை மெமரி கார்டில் உள்ள புகைப்படங்களுக்காகவும், வெப்கேமராபோலச் சிறு படம் அனுப்பவும் வைத்தது. நாடாவின் முழுத் தரம் அதன் வழியே வராது.

எண்களை அப்படியே வாங்குவதில் படத்தெளிவைத் தாண்டியும் லாபம் உண்டு. கேமராவில் நாள், நேரம் சரியாக வைத்திருந்தால், ஒவ்வொரு படத்தோடும் அது எடுக்கப்பட்ட நேரமும் நாடாவில் மறைவாகப் பதிந்திருக்கும். கேப்சர் மென்பொருள் அதைப் படித்து, ரெக்கார்டு பொத்தான் அழுத்தப்பட்ட ஒவ்வோரிடத்திலும் கோப்பைத் தானே வெட்டித் தரும். மஞ்சள் கேபிளில் போன படத்துக்கு இந்த நினைவு கிடையாது. அதேபோல, நாடாவில் படிக்க முடியாத இடம் வந்தால் கேமரா முந்தைய படத்திலிருந்து ஒரு சதுரத்தை எடுத்து ஓட்டையை அடைக்கும். அடைத்தேன் என்று எண்களுக்குள் ஒரு குறிப்பும் வைக்கும். டிவிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் அந்தக் குறிப்புகளைப் படிக்கிறது. ஒரே கேசட்டை இரண்டு மூன்று முறை ஓட்டிப் பிடித்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் நன்றாக வந்த துண்டுகளைச் சேர்த்து ஒரே நல்ல கோப்பாக்குகிறது. முதல் ஓட்டத்தில் விழுந்தது இரண்டாவதில் எழுந்துவிடுவது அடிக்கடி நடக்கிற சங்கதி.

இந்தக் கோப்பின் அளவு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி. இன்று அது ஒன்றுமே இல்லை. அன்று அது மலை. 1999 அக்டோபரில் ஆப்பிள், ஐமூவி மென்பொருளோடு ஐமேக் டிவி என்ற வண்ணக் கணினியை வெளியிட்டு, வீட்டுக்கு வீடு இனி எடிட்டிங் என்று அறிவித்தது. அதன் வட்டு 10 ஜிபி. ஒரு முழுக் கேசட் அதில் அடங்காது. விண்டோஸ்காரர்கள் பாடு இன்னும் மோசம். பழைய ஃபேட்32 வட்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, ஆகவே இருபது நிமிடம் எட்டுவதற்குள் கேப்சர் நின்றுவிடும். அதனால் அன்றைய வழக்கம் நமக்கு இப்போது வேடிக்கையாகத் தெரியும்: துண்டு துண்டாக ஏற்றி, வெட்டி ஒட்டி முடித்த படத்தை அதே கேபிள் வழியே மறுபடி நாடாவில் பதிந்துவிட்டு, வட்டைக் காலி செய்வார்கள். உங்கள் வீட்டில் எடிட் செய்தது என்று எழுதிய மினிடிவி கேசட் இருந்தால் அது இந்த வகை. அதைத்தான் முதலில் ஏற்ற வேண்டும்.

இன்று வட்டில் இடம் இருக்கிறது, துளைதான் இல்லை. மடிக்கணினிகள் ஃபயர்வயரைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. ஆப்பிளின் தண்டர்போல்ட் இணைப்பான்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி மேக் கணினியில் சமாளித்து வந்தவர்களுக்கு, 2025இல் வந்த மேக்ஓஎஸ் 26 அந்தக் கதவையும் சாத்திவிட்டது. இன்றைக்குச் சிக்கல் குறைந்த வழி, ஒரு மேசைக் கணினியில் பிசிஐஇ ஃபயர்வயர் கார்டு போட்டு, லினக்ஸில் டிவிகிராப் என்ற சிறு மென்பொருளை ஓட்டுவது. அல்லது பரணில் தூங்கும் பழைய கணினியை எழுப்புவது. ஒரு முனையில் ஃபயர்வயரும் மறுமுனையில் யுஎஸ்பியும் வைத்து நூறு இருநூறு ரூபாய்க்கு விற்கும் கேபிளை வாங்காதீர்கள். இரண்டும் வேறு வேறு மொழி பேசும் இணைப்புகள். நடுவில் மொழிபெயர்க்கும் சில்லு இல்லாத வெறும் கம்பியால் ஒன்றும் நடக்காது. கேமராவின் துளை கெடாமல் இருந்தால் லாபம்.

மினிடிவிக்குப் பிறகு வந்தவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எச்டிவி அதே கேசட்டில் உயர்தெளிவுப் படத்தைப் பதிந்தது. அதே ஃபயர்வயர்தான், மென்பொருளில் மட்டும் வேறு தேர்வு. கேமராவுக்குள்ளேயே சின்ன டிவிடியில் பதிந்தவர்கள், அந்த வட்டைக் கேமராவில் ஃபைனலைஸ் செய்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். செய்யாத வட்டைக் கணினி பெரும்பாலும் காலி என்றே நினைக்கும். மெமரி கார்டு வந்த பிறகு மாற்றுவது என்பது நகலெடுப்பது மட்டுமே.

உறவுகள் கடல் கடந்து இருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல் காத்திருக்கும். டொராண்டோவிலும் நியூஜெர்சியிலும் எடுத்த கேசட் என்.டி.எஸ்.சி. முறை: வினாடிக்கு 30க்குச் சற்றுக் குறைவான படங்கள், 525 வரிகள். லண்டனில் எடுத்தது நம்மைப்போல பி.ஏ.எல்., 625 வரிகள். பாரிஸில் செக்காமும் வரலாம், அதை பி.ஏ.எல். டெக்கில் போட்டால் படம் கறுப்பு-வெள்ளையாகத்தான் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று கண்டங்களுக்குப் பிரிந்த ஒரு குடும்பத்தின் அலமாரியில் இந்த மூன்றும் கலந்து கிடக்க வாய்ப்புண்டு. எல்லா முறையும் ஓட்டும் டெக்குகளிலும் ஒரு பொறி இருக்கிறது: அவற்றுள் பல, அமெரிக்கக் கேசட்டை நம் தொலைக்காட்சியில் தெரிய வைப்பதற்காக அலையை அரைகுறையாக மாற்றி அனுப்பும். தொலைக்காட்சி அதை ஏற்கும். கேப்சர் பெட்டி படத்தை உருட்டும், நிறத்தை இழக்கும். டெக்கின் அமைப்பில் கலப்பில்லாத என்.டி.எஸ்.சி. வெளியீட்டைத் தேடி வைக்க வேண்டும்.

இனி அந்தப் பின்னல். கணினியில் கேப்சர் ஆன படத்தை நிறுத்திப் பார்த்தால், ஓடும் குழந்தையின் விளிம்பு சீப்புப் பற்கள்போல வரிவரியாகப் பிளந்திருக்கும். பதறிப்போய்க் கேப்சர் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் என்ற பொத்தானைத் தேடுவார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அந்தப் பற்கள் பழுதல்ல. ஐம்பதில் ஒரு வினாடி இடைவெளியில் எடுத்த இரண்டு அரைப் படங்களை ஒரே சட்டத்தில் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினால் மலிவான மென்பொருள் ஒரு பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு மீதியை இழுத்து நிரப்பும். உங்களிடம் இருந்த 50 அசைவுகளில் 25 போயே போய்விட்டன. குழந்தையின் ஓட்டம் வெட்டி வெட்டித் தெரியும். மூலக் கோப்பைப் பின்னலோடு வைத்துக்கொண்டு, எல்லா எடிட்டிங்கும் முடிந்து, யாருக்காவது அனுப்பும் நகலில் மட்டும், ஒவ்வொரு அரைப் படத்தையும் முழுப் படமாக விரித்து வினாடிக்கு 50 படங்களாக வெளியிடுங்கள். பிடபிள்யூடிஐஎஃப் போன்ற இலவச வடிகட்டிகளே இதைத் திருத்தமாகச் செய்கின்றன. திரையின் விகிதத்தையும் 4க்கு 3 என்றே விடுங்கள். அகலத் திரையை நிரப்புகிறேன் என்று இழுத்து, மணமக்கள் இருவரையும் ஒரே நாளில் பத்துக் கிலோ ஏற்றிவிட்ட கல்யாண வீடியோக்கள் ஊரெங்கும் இருக்கின்றன.

எந்த வடிவில் சேமிப்பது? மினிடிவிக்கு விடை எளிது: வந்த கோப்பை வந்தபடியே வைக்கவும். அதில் ஒவ்வொரு படமும் தனித்து நிற்பது, அதனால் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். டிவிடிக்கும் எம்பி4க்கும் உரிய சுருக்கம் அப்படியன்று. அங்கே ஒரு படம் முழுதாக இருக்கும், அடுத்த பத்துப் பதினைந்து படங்கள் முந்தையதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பாக மட்டும் இருக்கும். நடுவில் வெட்டினால் அந்தக் குடும்பம் முழுவதையும் பிரித்து மறுபடி சுருக்க வேண்டிவரும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். விஎச்எஸ் போன்றவற்றைச் சுருக்காமல் எண்ணாக்கினால் மணிக்கு ஏறத்தாழ 75 ஜிபி ஆகும். அதைத் துளி இழப்பில்லாமல் பாதி அளவுக்கோ அதற்கும் கீழோ கொண்டுவரும் எஃப்எஃப்வி1 என்ற திறந்த முறையைத்தான் உலகின் பல ஆவணக் காப்பகங்கள் பயன்படுத்துகின்றன. கல்யாணக் கேசட்டுக்கு அவ்வளவு தேவையா என்று கேட்டால், வட்டின் இன்றைய விலைக்குத் தேவை என்பதே என் பதில்.

காலக்கெடு பற்றியும் பேச்சு உண்டு. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது: 2025க்குள் எண்ணாக்கப்படாத காந்த நாடாக்கள் பெரும்பாலும் கைவிட்டுப் போகும். யுனெஸ்கோவும் 2019இல் அதே அபாய மணியை அடித்தது. அந்தக் கணக்கில் நாடாவைவிட ஓட்டும் கருவிக்குத்தான் பெரிய பங்கு. கடைசியாக விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. தேய்ந்த ஹெட்டுக்குப் புதியது இல்லை. ஒரு டெக்கைத் திறந்துதான் இன்னொன்றைச் சரிசெய்ய முடியும். நம் கடலோர ஊர்களில் ஈரக்காற்று வேறு. கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடியோ சிலந்திவலை போன்ற இழையோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை டெக்கில் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுகளுக்கும் பரவும். அதைத் தனிப் பையில் ஒதுக்கிவிட்டு, நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எண்ணாகும் இடத்தை இன்னும் பின்னோக்கித் தள்ளினால் என்ன என்று யோசித்த ஒரு கூட்டமும் இருக்கிறது. விஎச்எஸ்-டிகோட் என்ற திறந்த மென்பொருள் முயற்சி டெக்கின் மின்சுற்றுகளை நம்புவதே இல்லை. டெக்கைத் திறந்து, ஹெட்டின் நலிந்த அலை முதலில் பெருக்கப்படும் இடத்திலேயே ஒரு கம்பியைப் பற்றவைத்து, அந்தப் பச்சை அலையை வினாடிக்கு 4 கோடி மாதிரிகள் போன்ற வேகத்தில் எண்ணாக்கிவிடுகிறார்கள். மாதிரிக்கு ஒரு பைட் என்றாலும் மணிக்கு 144 ஜிபி. பண்பலையைப் பிரிப்பது, நிறத்தை மேலேற்றுவது, நெளியும் வரிகளை நேராக்குவது எல்லாம் பிறகு கணினியில் மென்பொருளாக, நிதானமாக நடக்கிறது. பல ஆயிரம் ரூபாய் டைம் பேஸ் கரெக்டர் செய்த வேலை அங்கே சில வரி நிரலாகிவிடுகிறது. சாலிடரிங் இரும்பைப் பிடிக்கத் தயங்குகிறவர்களுக்கான வழியல்ல இது, வேகமும் குறைவுதான். ஆனால் இப்படி ஒருமுறை பிடித்து வைத்த அலையை, நாளை இன்னும் நல்ல நிரல் வந்தால் அதைக்கொண்டு மறுபடி படமாக்கலாம். நாடாவை மறுபடி ஓட்ட வேண்டியதில்லை.

அதனால் கணினியில் ஏற்றியாயிற்று என்று கேசட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முழுதாக ஒரு பக்கம் சுற்றி, புத்தகம்போல நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில், தரையையும் ஈரச்சுவரையும் தொடாமல் வையுங்கள். கேப்சர் செய்த கோப்பின் பெயரையும் தேதியையும் கேசட்டின் முதுகிலேயே எழுதிவிடுங்கள். கோப்பின் இரண்டாவது பிரதி வேறொரு வட்டில், முடிந்தால் வேறொரு வீட்டில் இருக்கட்டும்.